வேதாரண்யம் உப்புப் பாத்தியும் ஏழு கம்பிப் புரதமும்

காவிரியைப் பத்தி எழுதுறவங்க தலைக்காவிரியில ஆரம்பிச்சு கல்லணையில வந்து நின்னுடுவாங்க. கொஞ்சம் பொறுமை இருக்கறவங்க பூம்புகார் வரைக்கும் போவாங்க. டெல்டாவோட தெக்கு மூலையில இருக்கிற வேதாரண்யம் பக்கம் அதிகமா யாரும் வர்றதில்ல. வந்தாலும் 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியில இருந்து நடந்து வந்து உப்பு அள்ளின கதையோட முடிச்சுக்குவாங்க. இந்தப் பதிவும் உப்பைப் பத்திதான், ஆனா அந்தக் கதை இல்ல. உப்புப் பாத்தியில வாழுற ஒரு நுண்ணுயிர், அது மேல இருக்கிற ஒரு ஊதா நிறப் புரதம், அந்தப் புரதத்தோட உருவத்தை நேரா பார்க்க வழியில்லாத காலத்துல அங்கங்க அடையாளம் ஒட்டி ஒட்டியே கண்டுபிடிச்ச மனுஷங்க.. இதான் கதை.

எனக்குத் தொழில் பொட்டி தட்டுறது. படிச்சது இன்ஜினியரிங். அதனால இதுல வேதியியலை விட வரலாறுதான் ஜாஸ்தி இருக்கும். தைரியமா படிங்க :-)

கடல் தண்ணியில உப்பு சுமாரா 3.5 சதவீதம். பாத்தியில பாய்ச்சி வெயில்ல வத்த விட்டா இது ஏறிக்கிட்டே போய், உப்பு பூக்குற கட்டத்துல 25 சதவீதத்தைத் தாண்டிடும். அந்த மாதிரி தண்ணியில பெரும்பாலான உயிர்கள் தாக்குப் பிடிக்காது. ஆனா உலகம் பூரா உப்பளங்கள்ல ஒரு விஷயத்தைப் பார்க்கலாம். தண்ணி நல்லா முத்தினதும் இளஞ்சிவப்பா, சில சமயம் ரத்தச் சிவப்பாவே மாறும். துனாலியெல்லாங்கிற பாசி ஒரு காரணம். இன்னொரு காரணம் ஹாலோபாக்டீரியம் வகை உயிர்கள். பேர்லதான் பாக்டீரியா, உண்மையில ஆர்க்கியாங்கிற தனிக் கூட்டம். இதுக்கு உப்பு இருந்தாத்தான் வாழ்க்கை. நல்ல தண்ணியில போட்டா செல் உடைஞ்சு கரைஞ்சே போயிடும்.

அப்படி உடைச்சுப் பார்த்தப்பதான் அந்த ஊதாத் துண்டுகள் கிடைச்சுது. 1971-ல் டீட்டர் எஸ்டர்ஹெல்ட்டும் வால்தர் ஸ்டொக்கேனியஸும், அதுல இருக்கிறது ஒரே ஒரு புரதம்தான், அந்தப் புரதத்துக்குள்ள ரெட்டினால் இருக்குன்னு எழுதினாங்க. ரெட்டினால்ங்கிறது வைட்டமின் ஏ-யில இருந்து வர்ற பொருள். நம்ம கண்ணுல வெளிச்சத்தைப் பிடிக்கிற ரோடாப்சின் புரதத்துல இருக்கிறதும் அதேதான். முருங்கைக்கீரை சாப்பிடு, பொன்னாங்கண்ணி சாப்பிடு, இல்லன்னா மாலைக்கண் வரும்னு வீட்டுல சொல்றதுக்குப் பின்னாடி இருக்கிற வேதியியல் இது. கண்ணே இல்லாத ஒரு உப்புத்தண்ணி உயிருக்கு அது எதுக்கு? வெளிச்சத்தை வெச்சு புரோட்டானை செல்லுக்கு வெளிய தள்ளுறதுக்கு. அதாவது சூரிய ஒளியில ஓடுற பம்ப்செட். இந்தப் புரதத்துக்குப் பேர் பாக்டீரியோரோடாப்சின்.

இங்க ஒரு நிமிஷம் நின்னு சவ்வுன்னா என்னன்னு பார்த்துடலாம். டெல்டாக்காரங்களுக்கு இது ரொம்ப சுலபம். ஒவ்வொரு செல்லையும் சுத்தி கொழுப்பால ஆன ஒரு கரை இருக்கு. ரெண்டே மூலக்கூறு தடிமன், சுமார் 5 நானோமீட்டர். கரை மட்டும் இருந்தா வயலுக்குத் தண்ணி வராது இல்லையா? மடையும் மதகும் வேணும். அந்த மதகுகள்தான் சவ்வுப் புரதங்கள். உள்ள எது வரணும், வெளிய எது போகணும், வெளிய இருந்து வந்த சேதி உள்ள எப்படிப் போய்ச் சேரணும்னு பார்த்துக்கிறது எல்லாம் இதுங்கதான். இன்னிக்குப் புழக்கத்துல இருக்கிற மருந்துகள்ல மூணுல ஒரு பங்கு, இதுல ஒரே ஒரு குடும்பத்தைப் பிடிச்சுத்தான் வேலை செய்யுது. அப்பா போட்டுக்கிற பிரஷர் மாத்திரை அட்டெனலால், ஆஸ்துமாக்காரங்க இழுக்கிற சால்பியுட்டமால் எல்லாம் அந்தக் கணக்குதான்.

அப்போ மதகு எப்படி இருக்கு, எப்படித் திறக்குதுன்னு தெரிஞ்சா நல்லதுதானே. அங்கதான் சிக்கல். தண்ணியில கரையிற புரதங்களைப் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்சி உருவத்தை எடுக்கிற வித்தை 1950-களின் கடைசியிலேயே வந்தாச்சு. மயோகுளோபின், ஹீமோகுளோபின் எல்லாம் அப்படி வந்தவை. சவ்வுப் புரதம் அப்படிக் கிடையாது. கொழுப்புக்குள்ள இருந்து உருவினா சுருண்டு கெட்டுப் போயிடும், படிகமும் ஆகாது. மதகைப் பேர்த்து எடுத்துத்தான் பார்க்கணும், ஆனா பேர்த்தா அது மதகே இல்லைங்கிற நிலைமை. அணு அளவுக்குத் துல்லியமா முதல் சவ்வுப் புரதத்தோட படம் வந்தது 1985-ல தான்.

அதுவரைக்கும் சும்மா உட்கார முடியுமா? அடையாளம் ஒட்டுற வழி அப்படித்தான் வளர்ந்துச்சு.

முதல் கேள்வி ரொம்ப அடிப்படையானது. புரதம் கரைக்கு வெளிப்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கா, உள்பக்கமா, இல்ல குறுக்கே ஊடுருவி நிக்குதா? 1971-ல் கேம்பிரிட்ஜ்ல மார்க் பிரெட்ஷர் ரத்தச் சிவப்பணுவை வெச்சு இதைச் செஞ்சார். கதிரியக்கக் கந்தகம் சேர்த்த ஒரு வேதிப்பொருள். அது புரதத்துல ஒட்டிக்கும், ஆனா சவ்வைத் தாண்டாது. முழு அணு மேல ஊத்தினா வெளிய தெரியிற பாகத்துல மட்டும் ஒட்டும். அடுத்து அணுவை உடைச்சு, உள்பக்கமும் எட்டுற மாதிரி பண்ணிட்டு ஊத்தினார். ஒரு புரதத்துல முன்னாடி ஒட்டாத புது இடங்கள்ல இப்ப ஒட்டியிருந்தா என்ன அர்த்தம்? அது ரெண்டு பக்கமும் தலை நீட்டுதுன்னு அர்த்தம். தெருவுல நின்னு வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சுட்டு, அப்புறம் கதவைத் திறந்து உள்ள போய் அடிக்கிற மாதிரி. ரெண்டு தடவையும் பெயிண்ட் பட்டது எதுவோ அது சுவரைத் துளைச்சுக்கிட்டு நிக்குது. புரதம் சவ்வுக்குக் குறுக்கே நிக்கும்ங்கிறதுக்கு நேரடி ஆதாரம் இப்படி வந்துச்சு. படம் இல்ல, வெறும் பெயிண்ட்.

இப்ப நம்ம உப்புப் பாத்திக்குத் திரும்புவோம். 1975-ல் ரிச்சர்ட் ஹென்டர்சனும் நைஜல் அன்வினும் ஊதாச் சவ்வை எலக்ட்ரான் நுண்ணோக்கியில வெச்சு 7 ஆங்ஸ்ட்ராம் தெளிவுல ஒரு படம் எடுத்தாங்க. மங்கலான படம்தான். ஆனா புரதம் ஏழு கம்பியா சவ்வுக்குக் குறுக்கே நிக்குறது தெரிஞ்சுது. 1979-ல் மாஸ்கோவுல ஓவ்சின்னிகோவ் குழுவும், அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில கொரானா குழுவும் அந்தப் புரதத்தோட 248 அமினோ அமிலங்களையும் வரிசையா எழுதிட்டாங்க. ஒரு பக்கம் ஏழு கம்பி, இன்னொரு பக்கம் 248 எழுத்து உள்ள ஒரு நூல். எந்த எழுத்து எந்தக் கம்பியில வருது? எந்தப் பக்கம் பார்த்து நிக்குது? ரெட்டினால் எங்க மாட்டியிருக்கு? சோர்ஸ் கோடு கையில இருக்கு, ஸ்க்ரீன்ல மங்கலா ஒரு உருவமும் தெரியுது, எந்த வரி எதை வரையுதுன்னு மட்டும் தெரியாது. நம்மாளுங்களுக்கு இந்த வலி புரியும்.

இதுல சின்னதிலும் சின்ன ஒட்டு ஒண்ணு உண்டு. அதுக்கு நம்ம காவிரிக்கரை சம்பந்தமும் இருக்கு. சர் சி.வி.ராமன் 1888-ல் பிறந்தது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற திருவானைக்காவல். அவர் 1928-ல் கண்டுபிடிச்ச ஒளிச்சிதறலுக்கு 1930-ல் நோபல் வந்துச்சு. ராஜாஜி உப்பு அள்ளின அதே வருஷம். 1974-ல் ஆரன் லூயிஸும் ஸ்டொக்கேனியஸ் குழுவும் அந்த ராமன் முறையிலதான் ஊதாப் புரதத்தைப் பார்த்தாங்க. சாதாத் தண்ணிக்குப் பதிலா கனநீர் வெச்சாங்க. ரெட்டினால் புரதத்தோட சேர்ற இடத்துல ஒரு ஹைட்ரஜன் இருந்தா, அதுக்குப் பதிலா டியூட்டீரியம் வந்து உட்காரும். எடை மாறுறதால அதிர்வுக் கோடு கொஞ்சம் நகரும். நகர்ந்துச்சு. ஒரே ஒரு நியூட்ரான் கூடின அடையாளத்தை வெச்சு, அந்த இணைப்புல புரோட்டான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. காவிரி பிரியிற தீவுல பிறந்தவரோட பேர் தாங்கின முறை, அந்த ஆத்துத் தண்ணி எட்டாத உப்புமண் உயிருக்கு உதவியிருக்கு. எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது.

இந்த முறைகள்ல தப்பே வராதான்னு கேக்கலாம். வரும். ரெட்டினால் எந்த இடத்துல மாட்டியிருக்குங்கிற கதையே அதுக்கு உதாரணம். ரெட்டினாலும் புரதமும் சேர்ற பிணைப்பு லேசா விட்டுப் போயிடுற வகை. அதை போரோஹைட்ரைடு போட்டு விடாம இறுக்கி, புரதத்தைத் துண்டு துண்டா வெட்டி, எந்தத் துண்டோட ரெட்டினால் வருதுன்னு பார்க்கணும். 1976-ல் ஒரு குழு 41-வது இடம்னு எழுதினாங்க. 1981-ல் கொரானா குழுவும் எஸ்டர்ஹெல்ட் குழுவும் தனித்தனியா செஞ்சு பார்த்து 216-வது இடம்னு சொன்னாங்க. ரெண்டுமே லைசின்தான், ஆனா நூலோட ரெண்டு கோடி. பிற்பாடு வந்த படங்கள் எல்லாம் 216-ஐத்தான் காட்டுச்சு. ஒருத்தர் ஒட்டினதை இன்னொருத்தர் வேற கையால ஒட்டிப் பார்த்தாத்தான் நம்பலாம்ங்கிறது அன்னிக்குக் கிடைச்ச பாடம்.

கொரானா பத்தி இங்க சொல்லியே ஆகணும். (கொரோனா இல்ல சாமி, கொரானா!) ஹர் கோவிந்த் கொரானா 1922-ல் இப்போ பாகிஸ்தான்ல இருக்கிற பஞ்சாப் கிராமமான ராய்ப்பூர்ல பிறந்தவர். சுமார் 100 பேர் இருந்த ஊர். அப்பா பட்வாரி. நம்ம பக்கத்துல சொன்னா கர்ணம், வயல் கணக்கு வரி கணக்கு எழுதுறவர். அந்த ஊர்ல எழுதப் படிக்கத் தெரிஞ்ச குடும்பம் கிட்டத்தட்ட அது ஒண்ணுதான்னு அவரே எழுதியிருக்கார். லாகூர்ல படிச்சு, லிவர்பூல்ல டாக்டர் பட்டம் வாங்கி, 1949-ல் இந்தியாவுக்குத் திரும்பினார். வேலை கிடைக்கல. மறுபடி இங்கிலாந்து, அப்புறம் கனடா, அப்புறம் அமெரிக்கா. மரபுக் குறியீட்டைப் படிச்சதுக்கு 1968-ல் நோபல். செயற்கையா ஒரு மரபணுவை முழுசா செஞ்சதும் அவர் குழுதான்.

சாதாரணமா இதோட நிப்பாட்டிக்கலாம். நம்ம பள்ளிக்கூடப் புத்தகங்களும் இதோட நிப்பாட்டிடும். அவர் 1970-களோட நடுவுல, கிட்டத்தட்ட 50 வயசுக்கு மேல, சவ்வுப் பக்கம் திரும்பினார். புதுத் துறை, முதல்ல இருந்து படிக்கணும். அவருக்குக் கைவந்த கலை வேதியியல், அதையே ஆயுதமா எடுத்தார். 1975-ல் சக்ரபர்த்தியோட சேர்ந்தும், 1977-ல் குப்தா, ராதாகிருஷ்ணன்னு ரெண்டு பேரோட சேர்ந்தும் அவர் எழுதின கட்டுரைகள் இருக்கு. சவ்வோட கொழுப்பையே ஒட்டா மாத்துற வேலை. கொழுப்பு மூலக்கூறோட வால்ல ஒரு குழுவை வெச்சுடறாங்க. இருட்டுல அது சும்மா இருக்கும். வெளிச்சம் அடிச்சா உடனே வெறி பிடிச்ச மாதிரி பக்கத்துல எது இருக்கோ அதைக் கவ்விக்கும். அப்புறம் எடுத்துப் பார்த்தா, கொழுப்புக்குள்ள முங்கிக் கிடக்கிற புரதப் பாகம் எது எதுன்னு தெரிஞ்சுடும். பிரெட்ஷர் தெருவுல இருந்து பெயிண்ட் அடிச்சார்னா, இவங்க செங்கல்லையே பெயிண்ட் கக்க வெச்சாங்க.

அடுத்த படிதான் என்னை மாதிரி ஆளுக்கு ரொம்ப நெருக்கமானது. பாக்டீரியோரோடாப்சின்ல சிஸ்டீன்ங்கிற அமினோ அமிலம் ஒண்ணு கூடக் கிடையாது. மரபணுவைத் தானே எழுதத் தெரிஞ்ச கொரானாவுக்கு இது வசதி. எந்த இடத்துல வேணும்னாலும் ஒரே ஒரு சிஸ்டீனை நட்டு, அதுல மட்டும் ஒட்டுற மாதிரி ஒரு அடையாளத்தைப் போடலாம். களையே இல்லாத வயல்ல ஒரே ஒரு நாத்து. லாஸ் ஏஞ்சலிஸ்ல இருந்த வேய்ன் ஹப்பெல் அந்த அடையாளத்தைக் கொடுத்தார். நைட்ராக்சைடு, ஜோடி சேராத ஒரு எலக்ட்ரான் உள்ள சின்னத் துண்டு. காந்தப் புலத்துல வெச்சு மைக்ரோவேவ் பாய்ச்சினா, தான் இருக்கிற இடத்தைப் பத்தி அது சேதி சொல்லும். பக்கத்துல ஆக்சிஜன் நிறைய இருந்தா கொழுப்புப் பக்கம் பார்த்திருக்குன்னு அர்த்தம், ஏன்னா ஆக்சிஜன் கொழுப்புல நல்லா கரையும். தண்ணியில மட்டும் கரையிற குரோமியம் உப்பு ஒண்ணு பக்கத்துல வந்தா தண்ணிப் பக்கம்.

1990-ல் கிறிஸ்டியன் ஆல்டன்பாக், மார்ட்டி, கொரானா, ஹப்பெல் நாலு பேரும் 125-ல இருந்து 142 வரைக்கும் ஒவ்வொரு இடமா மாத்தி 18 புரதங்கள் செஞ்சாங்க. நாம ஒவ்வொரு வரிக்குக் கீழயும் ஒரு பிரிண்ட் போட்டு 18 தடவை ஓட்டிப் பார்ப்போமே, அதேதான். ஆனா இங்க ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு புதுப் புரதம் வளர்க்கணும். முடிவு என்ன தெரியுமா? 129-ல இருந்து 131 வரைக்கும் தண்ணியில. அதுக்கப்புறம் சவ்வுக்குள்ள. சவ்வுக்குள்ள போனதும் ஆக்சிஜன் அளவு ஏறி இறங்கி ஏறி இறங்கி வருது, 3.6 இடத்துக்கு ஒரு தடவை. ஆல்ஃபா சுருள்ல ஒரு சுத்துக்கு 3.6 அமினோ அமிலம்னு புத்தகத்துல இருக்கும். சுழல் படிக்கட்டு ஏறும்போது ஒரு சுத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வர்ற மாதிரி, புரதம் தன் சுருளைத் தானே எண்ணிக் காட்டிடுச்சு. அதே 1990-ல் ஹென்டர்சன் குழுவோட தெளிவான எலக்ட்ரான் படமும் வந்துச்சு.

சரி, படம் வந்தாச்சே, இனிமே ஒட்டு எதுக்கு? இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

கொரானா குழு இதே வித்தையை நம்ம கண்ணுல இருக்கிற ரோடாப்சினுக்கு எடுத்துக்கிட்டுப் போச்சு. அதுவும் ஏழு கம்பிதான். கேள்வி, வெளிச்சம் பட்டதும் என்ன நடக்குது? 1996-ல் ஃபேரன்ஸ், ஆல்டன்பாக், யாங், ஹப்பெல், கொரானா அஞ்சு பேரும் மூணாவது கம்பியில ஒரு அடையாளம், ஆறாவது கம்பியில ஒரு அடையாளம்னு ஜோடி ஜோடியா ஒட்டி, ரெண்டுக்கும் நடுவுல தூரத்தைப் பார்த்தாங்க. வெளிச்சம் பட்டதும் ஆறாவது கம்பி மூணாவதை விட்டு விலகி வெளிய சாயுது, கொஞ்சம் திரும்பவும் செய்யுது. அடுத்து ரெண்டு கம்பியையும் ஒரு கந்தகப் பாலம் போட்டுப் பூட்டிட்டாங்க. வெளிச்சம் பட்டாலும் உள்ள சேதி போகல. அதாவது ஷட்டருக்குச் சங்கிலி போட்டுட்டா தண்ணி வராது, அதனால ஷட்டர் இதுதான்.

ரோடாப்சினோட முதல் படிகப் படம் வந்தது 2000-ல். ஆனா அது இருட்டுல இருக்கிற, மூடின மதகோட படம். திறந்த நிலையைக் காட்டுற படம் 2008-ல தான் வந்துச்சு. ஆறாவது கம்பியோட உள்முனை 6, 7 ஆங்ஸ்ட்ராம் வெளிய சாஞ்சிருந்துச்சு. ஒட்டு வெச்சவங்க சொல்லி 12 வருஷம் கழிச்சு! 2011-ல் அட்ரினலின் வாங்கிப் புரதத்தோட படம் வந்தப்பவும் அதே ஆறாவது கம்பி, அதே சாய்வு. இந்தக் குடும்பத்தோட ஆராய்ச்சிக்கு 2012-ல் லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் நோபல் கிடைச்சுது. கொரானா 2011 நவம்பர்ல காலமாயிட்டார். தன் ஒட்டு சொன்னது சரின்னு படம் காட்டினப்ப அவர் உயிரோட இருந்தார்ங்கிறது ஒரு ஆறுதல்.

2021-ல இருந்து ஆல்ஃபாஃபோல்டு கணக்குப் போட்ட புரத உருவங்கள் எல்லாருக்கும் இலவசமா கிடைக்குது. 2024-ல் அதுக்கு நோபலும் கிடைச்சாச்சு. எங்க துறை ஆட்கள் செஞ்சதுன்னு எனக்கும் பெருமைதான். ஆனா "எல்லாப் புரதமும் முடிஞ்சுது"ன்னு எங்க ஆபீஸ்ல ஆளாளுக்குப் பேசுறதைக் கேட்டா எனக்கு இந்த ஆறாவது கம்பிதான் ஞாபகம் வருது. கல்லணையோட போட்டோவைப் பார்த்துட்டு, ஜூன்ல எந்த ஷட்டரை எவ்வளவு தூக்கினா எந்த வாய்க்கால்ல எவ்வளவு தண்ணி போகும்னு சொல்ல முடியாது. போட்டோ நிக்கிறதைக் காட்டும். அசையிறதைத் தெரிஞ்சுக்க இன்னமும் யாராவது ஒருத்தர் ரெண்டு இடத்துல அடையாளம் ஒட்டிக் காத்திருக்கணும்.

இது கடைமடைக்காரங்களுக்கும் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். 2004 சுனாமியில நாகப்பட்டினம் பக்கம் வயலுக்குள்ள கடல் தண்ணி புகுந்தது எல்லாருக்கும் தெரியும். குழியடிச்சான், களர்பாலைன்னு உப்புமண்ணைத் தாங்குற நெல்லை நம்ம முன்னோர் வெச்சிருந்தாங்க. வங்காளத்துல நோனா போக்ரான்னு ஒரு ரகம். அது உப்பைத் தாங்குறதுக்கு முக்கியக் காரணமா ஒரு மரபணுவை 2005-ல் சீனக் குழு ஒண்ணு கண்டுபிடிச்சுது. அது என்ன செய்யிதுன்னு நினைக்கிறீங்க? ஒரு சவ்வுப் புரதத்தை உண்டாக்குது. வேர்ல இருந்து மேல ஏறுற சோடியத்தை வழியிலேயே இழுத்துப் பிடிச்சு, இலைக்குப் போக விடாம தடுக்கிற மதகு. உப்பைத் தாங்காத ஜப்பான் ரகத்துலயும் அதே புரதம் இருக்கு, நாலே நாலு அமினோ அமிலம்தான் வித்தியாசம். அந்த நாலு எழுத்து மதகோட எந்தப் பாகத்தை எப்படி அசைக்குதுங்கிறது படம் மட்டும் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்ல.

உப்புல வாழ்ற உயிரை வெச்சுக் கத்துக்கிட்ட வித்தை, உப்பைத் தாங்கி விளையற நெல்லுக்கும் உதவலாம். ரெண்டும் ஒரே தாலுகாவுக்குள்ள, பக்கத்துப் பக்கத்து நிலத்துல இருக்கு. தஞ்சாவூர், திருச்சி கல்லூரிகள்ல உயிரித்தொழில்நுட்பம் படிக்கிற பசங்க யாராவது இதைப் படிச்சா, ஒரு நடை வேதாரண்யம் போய்ட்டு வாங்க. கோடையில போனா பாத்தித் தண்ணி நல்லா முத்தியிருக்கும்.

பி.கு: சவ்வுப் புரதத்துக்கு நல்ல தமிழ்ப் பேர் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. "மதகுப் புரதம்"னு வெச்சுக்கலாமான்னு ஒரு யோசனை. எல்லா சவ்வுப் புரதமும் மதகு வேலை பார்க்கிறதில்லதான், இருந்தாலும் டெல்டாக்காரனுக்கு இந்த உரிமை கூட இல்லையா என்ன :-)